வயது முதிர்ந்த சவாரிக் குதிரையை வாங்கலாமா? முடிவெடுக்கும் முறை

பதினைந்து வயதைக் கடந்த சவாரிக் குதிரை ஒன்று விற்பனைக்கு வரும்போது, விலை குறைவாக இருக்கிறதே என்ற ஆசையும், உதவாத குதிரையைத் தலையில் கட்டிவிடுவார்களோ என்ற அச்சமும் வாங்குபவரின் மனத்தில் ஒருசேர எழுகின்றன. முடிவெடுக்க இவ்விரண்டுமே துணைசெய்யா. நன்றாகப் பராமரிக்கப்படும் குதிரை 25 முதல் 30 ஆண்டுகள் வரை உயிர்வாழக்கூடியது. 2002இல் பிறந்த வலேக்ரோ என்னும் குதிரை, 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் தன் 14ஆம் வயதில், குதிரையை நுணுக்கமாக நடத்திக் காட்டும் டிரஸ்ஸாஜ் போட்டியில் தனிநபர் தங்கத்தை வென்று கொடுத்தது. அதே வயதில் மூட்டுத் தேய்ந்து லாயத்திலேயே நிற்கும் குதிரைகளும் உண்டு. ஆகவே வயதை மட்டும் கேட்டுவிட்டு ஏற்பதோ மறுப்பதோ சரியாகாது. அந்தக் குதிரை இந்த மாதத்தில் என்ன வேலையை, வாரத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு எளிதாகச் செய்கிறது என்பதைத்தான் நாம் விலை கொடுத்து வாங்குகிறோம். இளமையில் அது வென்ற கோப்பைகளுக்கு நாம் பணம் தர வேண்டியதில்லை.

குதிரையைப் பார்க்கப் போவதற்கு முன்பே, அதனிடம் எதை எதிர்பார்க்கிறோம் என்பதை ஒரு தாளில் எழுதிவைப்பது நல்லது. சவாரி பழகத் தொடங்கும் சிறுவனோ, நாற்பது வயதில் முதன்முறையாகச் சேணத்தில் ஏறுபவரோ வாரத்துக்கு மூன்று நான்கு நாட்கள் நடையும் துரித நடையும் சிறிது மென்பாய்ச்சலும் பழகுவதற்கு, பதற்றம் தணிந்து, பலரை ஏற்றிப் பழகிய 16 வயதுக் குதிரையைவிடச் சிறந்த ஆசிரியர் கிடையாது என்பது என் உறுதியான கருத்து. தொடக்கநிலைச் சவாரியாளருக்கு நான்கு வயதுக் குதிரையை விற்பவர்கள்மீது எனக்கு மதிப்பே இல்லை. ஆனால் தடை தாண்டப் பழக விரும்புபவருக்கும், மலைப்பாதையில் நெடுந்தூரம் போக விரும்புபவருக்கும் கணக்கு வேறு. தாண்டிக் குதித்து இறங்கும்போது முன்னங்கால்கள் தாங்கும் சுமையும், சரிவில் இறங்கும்போது பின்னங்கால் மூட்டுகள் ஏற்கும் அழுத்தமும் முதிய உடலை விரைவில் தேய்த்துவிடும்.

ஏறுபவரின் எடையையும் இப்போதே கணக்கிட்டுவிட வேண்டும். குதிரையின் நெஞ்சுச் சுற்றளவை முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோவில் ஏறத்தாழச் சரியான எடை கிடைக்கும். சுற்றளவு 178, நீளம் 160 என்றால் எடை சுமார் 427 கிலோ. சேணமும் ஆளும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான அளவு; அதன்படி இக்குதிரை 85 கிலோ சுமக்கலாம். முதிய குதிரைக்கு நான் 15 விழுக்காட்டையே எல்லையாகக் கொள்வேன். அது 64 கிலோதான், அதுவும் சேணத்தோடு சேர்த்து. பெரியவர்கள் பலருக்கு இந்த ஒரு கணக்கே விடையைச் சொல்லிவிடும்.

வயதைச் சரிபார்த்தல்

தமிழ்நாட்டில் முதிய சவாரிக் குதிரைகள் பெரும்பாலும் சவாரிப் பள்ளிகளிலிருந்தும், தனியார் லாயங்களிலிருந்தும், ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தை போன்ற இடங்களிலிருந்தும் கைமாறுகின்றன. சவாரிப் பள்ளிகளில் இருப்பவற்றுள் பல, பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற, தரோபிரெட் என்னும் பந்தய இனக் குதிரைகள். ஆறேழு வயதில் பந்தயத்தை விட்ட குதிரை முதியது ஆகாது. ஆனால் அது பள்ளியில் எட்டுப் பத்து ஆண்டுகள் பலரைச் சுமந்த பிறகு நம்மிடம் வரும்போது, பந்தயக் காலத்துக் காயங்களும் பள்ளிக் காலத்துத் தேய்மானமும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தே வருகின்றன. எனவே கடைசி உரிமையாளரின் பேச்சோடு நிற்காமல், அதற்கு முந்தைய லாயத்தில் வேலை செய்த குதிரைக்காரரையும், லாடம் அடித்தவரையும் தேடிப் பேசுவது மிகுந்த பயன் தரும். எந்தக் காலில் எப்போது வீக்கம் வந்தது என்பது அவர்களுக்கு நினைவிருக்கும்.

இந்தியாவில் பிறந்த தரோபிரெட் குதிரைகளின் பிறப்பையும் பெற்றோரையும் ஸ்டட் புக் அத்தாரிட்டி ஆஃப் இந்தியா பதிவு செய்கிறது. ஆகவே அடையாள ஆவணம் இருந்தால், அதிலுள்ள நிறம், வெள்ளைக் குறிகள், மயிர்ச்சுழிகள் ஆகியவற்றையும், கழுத்தில் மைக்ரோசிப் இருந்தால் அதன் எண்ணையும் குதிரையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும். சுழி என்றவுடன் நம் ஊரில் பேச்சு வேறு திசைக்குப் போய்விடுகிறது. ‘சுழி சுத்தம்’ என்ற ஒரே சொல்லால் விலை ஏறுவதும், நெற்றிச் சுழியின் இடத்தைக் காட்டி நல்ல குதிரையை ஒதுக்குவதும் சந்தையில் நாள்தோறும் நடப்பவை. மனிதனின் கைரேகையைப்போல ஒவ்வொரு குதிரைக்கும் மாறுபடுவதால், சுழி ஓர் அரிய அடையாளம். ஆனால் முழங்கால் தேய்ந்திருக்கிறதா என்பதை அது சொல்லாது. நம்பிக்கை உள்ளவர்கள் சுழியையும் பார்க்கட்டும். காலைப் பார்த்த பிறகு பார்க்கட்டும்.

ஆவணம் இல்லாவிட்டால் பல்தான் சாட்சி. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதிருக்கலாம். விலை கொடுத்து வாங்கும் குதிரையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். குதிரையின் நிரந்தர முன்பற்கள் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி இரண்டரை, மூன்றரை, நாலரை வயதுகளில் முளைத்து, ஐந்து வயதில் வாய் நிறைகிறது. கீழ்வரிசைப் பற்களின் மேற்பரப்பிலுள்ள குழிகள் ஆறு, ஏழு, எட்டு வயதுகளில் அதே வரிசையில் தேய்ந்து மறைகின்றன. அதற்குப் பிறகு, மேல்வரிசையின் ஓர முன்பல்லில் ஈறிலிருந்து இறங்கும் பழுப்புநிறப் பள்ளக்கோட்டைக் கவனிக்க வேண்டும். அக்கோடு பத்து வயதளவில் ஈறருகே தோன்றி, பதினைந்தில் பல்லின் பாதி வரை இறங்கி, இருபதில் முழுநீளத்தையும் எட்டி, பின்னர் மேலிருந்து மறையத் தொடங்குகிறது. முன்பற்கள் சந்திக்கும் கோணமும் வயது ஏற ஏற முன்னோக்கிச் சாய்கிறது. பத்து வயதுக்கு மேல் இந்தக் கணிப்பில் இரண்டு மூன்று ஆண்டு பிழை எளிதில் நேரும். ஆதலால் ‘பதினைந்தா பதினெட்டா’ என்று விற்பவரிடம் வாதாடுவதைவிட, பதினெட்டு என்றே வைத்துக்கொண்டு விலையையும் வேலையையும் திட்டமிடுவது பாதுகாப்பானது.

கால்களும் குளம்புகளும்

முதல் முறை சொல்லிவிட்டுப் போனாலும், இரண்டாம் முறை சொல்லாமல், விடியற்காலையில், குதிரையை லாயத்திலிருந்து வெளியே எடுப்பதற்கு முன்பே போய்விட வேண்டும். முதிய குதிரையின் உண்மை நிலை, இரவெல்லாம் நின்ற கால்கள் வைக்கும் முதல் இருபது அடிகளில்தான் தெரியும். நாம் போகும்போதே குதிரை வியர்த்து, சேணம் பூட்டித் தயாராக நின்றால், அது இறுகிய மூட்டுகளைத் தளர்த்துவதற்காகவோ முரட்டுத்தனத்தை அடக்குவதற்காகவோ முன்னதாக ஓட்டப்பட்டிருக்கலாம். அன்று சவாரி செய்து பார்க்காமல் திரும்பிவந்து, வேறொரு நாள் போவதே நல்லது.

குதிரை அசையாமல் நிற்கும்போது நான்கு கால்களையும் கையால் தடவி ஒப்பிட வேண்டும். முழங்காலுக்குக் கீழே பின்புறத்தில் ஓடும் தசைநாண்கள் கயிறுபோல் இறுக்கமாகவும் தனித்தனியாகவும் தட்டுப்பட வேண்டும். ஓரிடத்தில் வில்போல் புடைத்திருந்தால் பழைய நாண் காயம். அது ஆறிக் குளிர்ந்து கெட்டியாகியிருந்தால் மெதுவான சவாரிக்குத் தடையில்லை. சூடும் வலியும் இருந்தால் தடைதான். இரு கால்களிலும் சமமாக இருக்கும் மென்மையான வீக்கம் நடந்தவுடன் வற்றிவிடுமானால் பெரும்பாலும் கவலைக்குரியதன்று. ஒரே காலில் மட்டும் இருக்கும் வீக்கத்துக்குக் காரணம் கேட்க வேண்டும்.

குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே வளர்வதால், அதன் சுவரில் கடந்த பல மாதங்களின் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. முன்புறம் நெருங்கியும் குதிகால் பக்கம் அகன்றும் செல்லும் வளையங்கள், குளம்பினுள் அழற்சி ஏற்படும் லாமினைட்டிஸ் நோயின் அடையாளம். குதிரை முன்னங்கால்களை முன்னே நீட்டிப் பின்புறம் சாய்ந்து நின்றாலும், கூழாங்கல் தரையில் நடக்கத் தயங்கினாலும் அதே ஐயம் எழ வேண்டும். இந்நோய் ஒருமுறை வந்த குதிரைக்குத் திரும்பத் திரும்ப வரக்கூடும். லாமினைட்டிஸ் இப்போதும் நீடிக்கும் குதிரையை எவ்வளவு குறைந்த விலைக்கும் வாங்க வேண்டாம் என்பேன். கழற்றிய பழைய லாடங்கள் கிடைத்தால் அவற்றையும் பாருங்கள். முன்விளிம்பு மட்டும் மிகத் தேய்ந்திருந்தால், குதிரை குதியில் எடை வைக்க அஞ்சுகிறது என்று பொருள். முன்குளம்புகளில் அது, குளம்பினுள் குதியருகே இருக்கும் நவிகுலர் என்னும் சிறு எலும்பின் வலியாக இருக்கலாம்.

அடுத்து, கெட்டியான சமதரையில் கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, குதிரையை நேராக நடக்கவும் துரித நடை போடவும் வைத்து, முன்னிருந்தும் பின்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்க்க வேண்டும். வலியுள்ள முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலெழும். நல்ல கால் படும்போது தாழும். பின்னங்காலில் வலி என்றால் அந்தப் பக்கத்து இடுப்பு மற்றதைவிட அதிகமாக ஏறி இறங்கும். பிறகு இருபுறமும் சிறு வட்டத்தில் ஓட்டிப் பார்த்தால், நேராக ஓடும்போது மறைந்திருந்த நொண்டல் வெளிப்படும். முதிய குதிரை தொடக்கத்தில் சற்று விறைப்பாக இருந்து, பத்து நிமிடங்களில் தளர்ந்து சீராக நடந்தால் அதை ஏற்கலாம். அந்த வயதில் மூட்டுத் தேய்மானம் இல்லாத குதிரையைத் தேடினால் கிடைக்காது. மாறாக, நடக்க நடக்க நொண்டல் கூடினாலோ, ஒரே காலில் தெளிவாகத் தெரிந்தாலோ, அக்குதிரை செய்ய வேண்டிய வேலை வலியின்மேல் நடக்கும் வேலையாகிவிடும். அப்படிப்பட்ட குதிரையின்மேல் ஏறுவதற்கு நமக்கு உரிமையில்லை.

வாய், கண், வியர்வை, தோல்

குதிரையின் பல் வாழ்நாள் முழுவதும் ஈறிலிருந்து வெளிவந்துகொண்டே தேய்கிறது. முதுமையில் அந்த இருப்பு தீர்ந்துபோகிறது. தீனித் தொட்டியின் அருகில் அரைகுறையாக மென்று உருண்டையாகத் துப்பிய புல் கிடந்தாலும், சாணத்தில் கொள்ளும் ஓட்ஸும் முழுதாக வந்தாலும், கடைவாய்ப் பல்லில் குறை இருக்கிறது. கூர்மையான விளிம்புகளை அரத்தால் ராவிச் சரிசெய்யலாம். பற்களே விழுந்திருந்தால், மீதியுள்ள ஆண்டுகள் முழுவதும் தீனியை ஊறவைத்து, கூழாக்கிக் கொடுக்க நேரிடும். விலா எலும்பு தெரியும் குதிரையை ‘நம் வீட்டுத் தீனியில் தேறிவிடும்’ என்று நம்பி வாங்குவதற்கு முன் இதைச் சிந்திக்க வேண்டும்.

கண்ணில் வெண்மை, நீர் வடிதல், ஒரு கண் மட்டும் சுருங்கியிருத்தல் ஆகியவற்றைப் பார்ப்பதோடு, வெளிச்சத்திலிருந்து இருட்டான லாயத்துக்குள் நடத்திச் சென்று தயங்குகிறதா என்றும் கவனிக்க வேண்டும். ஒரு கண் பார்வை குறைந்த குதிரை பழகிய மைதானத்தில் ஒழுங்காக நடக்கும். சாலையோரத்தில் திடீரென மிரளும்.

நம் கடற்கரை மாவட்டங்களில் வாங்குபவர்கள் பெரிதும் கவனிக்கத் தவறுவது வியர்வையை. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த இடங்களில் சில குதிரைகள் வியர்க்கும் திறனையே இழந்துவிடுகின்றன. வேலை செய்யும்போது தோல் உலர்ந்தே இருக்க, மூக்குத் துளைகள் விரிந்து, மூச்சு நாய் இரைப்பதுபோல் வேகமாகி, உடல் சூடு இறங்காமல் நிற்கும். உதகையின் குளிரில் நன்றாக உழைத்த குதிரை சென்னையின் புழுக்கத்தில் இவ்வாறு தவிக்கலாம். ஆகவே வெயில் ஏறிய பிறகு ஒரு முறையாவது இருபது நிமிடம் மிதமாகச் சவாரி செய்து, கழுத்திலும் சேணத்தின் அடியிலும் பின்னங்கால்களின் இடையிலும் வியர்வை வருகிறதா என்று பாருங்கள். ஓய்விலிருக்கும் குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரையும், மூச்சு 8 முதல் 16 வரையும் இருக்கும். மிதமான வேலைக்குப் பின் நிழலில் நிறுத்திய பதினைந்து நிமிடங்களில் இவை ஓய்வுநிலையை நோக்கித் தெளிவாக இறங்க வேண்டும்.

ஊர்வலங்களுக்காக வெள்ளைக் குதிரையை விரும்பித் தேடுபவர்கள் அதன் வாலைத் தூக்கிப் பார்க்க மறக்கக் கூடாது. பிறக்கும்போது கருமையாகவோ செந்நிறமாகவோ இருந்து வயதேற வெளுக்கும் குதிரைகளில், பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பெரும்பாலானவற்றுக்கு வாலடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் மெலனோமா என்னும் கருங்கட்டிகள் வருகின்றன. அவை மெல்ல வளர்பவை என்பதால் சிறியதாக ஓரிரண்டு இருப்பதைக் கண்டு அஞ்சி ஓட வேண்டியதில்லை. சாணம் போடுவதைத் தடுக்கும் இடத்திலோ, சேணமும் கடிவாளமும் உரசும் இடத்திலோ இருந்தால் விலகிவிடுங்கள். கோடையிலும் உதிராத நீண்ட ரோமம், முதுகுத் தசை வற்றித் தொங்கும் வயிறு, அடிக்கடி நீர் குடித்தல் ஆகியவை சேர்ந்து தெரிந்தால், அது முதுமை மட்டுமன்று. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் கோளாறாக இருக்கலாம். அதற்கு நாள்தோறும் மருந்து தேவை. லாமினைட்டிஸுக்கும் அது வழிவகுக்கும்.

சவாரி செய்து பார்த்தல்

முதலில் விற்பவரோ அவருடைய ஆளோ ஏறிக் காட்ட வேண்டும். அவர் தயங்கினால் நீங்கள் ஏறாதீர்கள். பிறகு, லாயத்தில் பிடித்துக் கட்டுவது, குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்வது, சேணம் பூட்டுவது ஆகிய வேலைகளை நீங்களே செய்யுங்கள். சேணப்பட்டையை இறுக்கும்போது காதைப் பின்னே மடக்கிக் கடிக்க வருவதும், ஏறும்போது முதுகைக் குழிப்பதும் பலமுறை கெட்ட குணமாகவே பார்க்கப்படுகின்றன. முதிய குதிரையில் அவை பெரும்பாலும் முதுகுவலியின் மொழி. முதுகெலும்பின் இருபுறமும் விரல்களால் அழுத்திப் பார்த்தால் விடை கிடைக்கும். மற்றக் குதிரைகளை விட்டுத் தனியே வெளியே போகிறதா, மோட்டார் சைக்கிள் கடந்தால் எப்படி நிற்கிறது, பின்னோக்கி நான்கு அடி நேராக எடுத்துவைக்கிறதா என்பவற்றைப் பாருங்கள். பின்னோக்கி நடக்கத் தடுமாறுவது நரம்புக் கோளாற்றின் அறிகுறியாகவும் இருக்கலாம். உங்கள் குழந்தைக்காக வாங்குவதானால் குழந்தையே அதன்மேல் இரண்டு மூன்று முறை, தகுந்த துணையோடு, வெவ்வேறு நாட்களில் ஏற வேண்டும்.

கால்நடை மருத்துவரின் சோதனை

இதுவரை சொன்னவை, மருத்துவச் செலவுக்கு முன்பே தகாத குதிரையை விலக்குவதற்கானவை. மருத்துவர் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. அந்த மருத்துவர் விற்பவருடைய வழக்கமான மருத்துவராக இருக்கவும் கூடாது. நாய், மாடு பார்ப்பவரைவிடக் குதிரை மருத்துவத்தில் பழகியவர் தேவை. கிடைக்காவிட்டால், சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடத்தில் கலந்து பேசலாம். இதய ஒலி, நுரையீரல், கண்ணின் உட்புறம், கடைவாய்ப் பற்கள் ஆகியவற்றோடு, காலை ஒரு நிமிடம் மடக்கிப் பிடித்து உடனே ஓடவிடும் சோதனையையும் அவர் செய்வார். ஐயத்துக்குரிய மூட்டுகளை மட்டும் எக்ஸ்ரே எடுத்தால் போதும். பதினாறு வயதுக் குதிரையின் எல்லா மூட்டுகளையும் எடுத்தால் எல்லாவற்றிலும் ஏதோவொன்று தெரியும்; முடிவு தெளிவடையாது. ஃபினைல்பியூட்டாசோன் போன்ற வலிநிவாரணி கொடுத்து நொண்டலை மறைப்பது நடக்கிற காரியம் என்பதால், சோதனை நாளிலேயே இரத்தம் எடுத்துச் சேமித்துவைக்கக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளாண்டர்ஸ் என்னும் பாக்டீரியாத் தொற்றுநோய்க்கான இரத்தச் சோதனையை ஒருபோதும் தவிர்க்காதீர்கள். அது மனிதருக்கும் தொற்றிக் கொல்லக்கூடியது. இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய அந்நோய் உறுதியானால், குதிரையைக் கொன்று அப்புறப்படுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. தொற்று இரத்தசோகைக்கும் சேர்த்தே சோதியுங்கள். ஹிசாரிலுள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் இச்சோதனைகளைச் செய்கிறது. மருத்துவரிடம் ‘தேறுமா, தேறாதா’ என்று கேட்டால் முதிய குதிரைக்கு நேர்மையான விடை கிடைக்காது. நீங்கள் முதலில் எழுதிய தாளைக் காட்டி, ‘இந்த எடையோடு, வாரத்துக்கு இத்தனை நாள், இந்த வேலையை மூன்று ஆண்டுகள் வலியின்றிச் செய்ய வாய்ப்புண்டா, அதற்கு என்ன மருந்தும் பராமரிப்பும் தேவை?’ என்று கேளுங்கள்.

செலவும் முடிவும்

வாங்கும் விலை சிறு பகுதிதான். குதிரை ஒரு நாளைக்குத் தன் எடையில் ஒன்றரை முதல் இரண்டு விழுக்காடு உலர்தீவனம் தின்னும். 427 கிலோ குதிரைக்கு அது ஆறரை முதல் எட்டரைக் கிலோ. நம் ஊரில் எளிதில் கிடைக்கும் கம்பு நேப்பியர் புல்லில், சுண்ணாம்புச்சத்தை உடலில் சேரவிடாத ஆக்சலேட் மிகுதி என்பதால், அதை மட்டுமே நம்பினால் எலும்பிலுள்ள சுண்ணாம்புச்சத்து குறைந்துவிடும். குதிரைமசால் போன்ற பசுந்தீவனமும் தாதுக்கலவையும் சேர்க்க வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடம், ஆண்டுக்கொரு முறையாவது பல் பராமரிப்பு, டெட்டனஸ் உள்ளிட்ட தடுப்பூசிகள், குதிரைக்காரரின் சம்பளம் ஆகியவை இளங்குதிரைக்கும் உண்டு. முதிய குதிரைக்கு மூட்டு மருந்தும் மென்தீனியும் கூடும். இந்த ஆண்டுச் செலவை எழுதி, சவாரி செய்யக்கூடிய ஆண்டுகளால் மட்டும் பெருக்காமல், சவாரி நின்ற பிறகு அது நிற்கப்போகும் ஐந்து அல்லது எட்டு ஆண்டுகளையும் சேர்த்துப் பெருக்குங்கள். அந்தத் தொகையைப் பார்த்த பிறகும் வாங்க மனம் இருந்தால் மட்டும் வாங்குங்கள். அந்த ஆண்டுகளுக்கு இடமில்லாதவர், சவாரிப் பள்ளியில் மாதக் கட்டணம் கட்டி அதே வயதுக் குதிரையில் ஏறுவது இருவருக்கும் நல்லது.

விறைப்பு, ஆறிய பழைய காயம், சற்று மங்கிய ஒரு கண், மருந்தால் அடங்கும் கோளாறு ஆகியவற்றை விலையில் கழித்துக்கொண்டு ஏற்கலாம். நீடிக்கும் லாமினைட்டிஸ், கூடிக்கொண்டே போகும் நொண்டல், வியர்வையின்மை, ஏறியவரைத் தள்ளும் பழக்கம், சோதனைக்கு மறுக்கும் விற்பனையாளர் ஆகியவற்றுக்கு எந்த விலைக் குறைப்பும் ஈடாகாது. வாங்க ஒப்புக்கொண்டால், இரு வாரமோ ஒரு மாதமோ சோதனைக்காலம் கேளுங்கள். குதிரையின் அடையாளக் குறிகள், சொல்லப்பட்ட வயது, அறிந்த நோய்கள், கடந்த மாதம் கொடுத்த மருந்துகள், எந்நிலையில் திருப்பிக் கொடுக்கலாம் என்பவற்றை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வந்திறங்கிய குதிரையை மூன்று வாரமேனும் மற்றக் குதிரைகளிடமிருந்து தள்ளிக் கட்டி, பழைய லாயத்தின் தீனியையே தொடர்ந்து கொடுத்து, பத்து நாட்களில் சிறிது சிறிதாக உங்கள் தீனிக்கு மாற்றுங்கள். முதிய குதிரைக்குத் திடீர்த் தீனி மாற்றத்தால் வரும் வயிற்றுவலி, உயிருக்கே ஆபத்தானது.